தாங் காலக் களிமண் குதிரை: வயிறு வெடிக்காமல் செய்வது எப்படி?

சீனாவில் தாங் வம்ச காலத்தில் (618–907) பெரிய மனிதர்களின் கல்லறைக்குள் களிமண் குதிரைகளை வைத்துப் புதைத்தார்கள். பழுப்பு, பச்சை, வெண்மஞ்சள் பூச்சு வழிந்தோடும் இந்த வகைக்கு 'சான்சாய்' என்று பெயர். மூன்று நிறம் என்று அர்த்தம். அதே பாணியில் ஒரு சாண் உயரக் குதிரை செய்வோம். மண் பிசையத் தெரியும்தானே?

1. அந்தக் குயவர்கள் அச்சில் அழுத்தித் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினார்கள். நமக்கு அச்சு வேண்டாம். அரை சென்டிமீட்டர் கனத்தில் இரண்டு கிண்ணங்கள் செய்து, வாயோடு வாய் ஒட்டினால் வயிறு தயார். ஒட்டும் இடத்தைக் கீறி மண்குழம்பு தடவுங்கள். கீறுவதற்கென்று விற்கிற கருவியெல்லாம் தண்டச் செலவு, பழைய டூத் பிரஷ் போதும்.

2. வயிற்றுக்கு அடியில் ஓட்டை போடுங்கள். நான் அசிங்கமாக இருக்கிறதே என்று முதல் குதிரையை முழுக்க மூடிவிட்டேன். சூளையைத் திறந்தால் நான்கு கால்கள்தான் மிச்சம். காற்று வெடித்தது என்று நினைத்தேன். உள்ளே தங்கிய ஈரம் நீராவியாகி உடைத்திருக்கிறது. அப்புறம்தான் அருங்காட்சியகப் படம் ஒன்றில் தாங் குதிரையின் அடிவயிற்றைப் பார்த்தேன். நல்ல பெரிய ஓட்டை! உங்களுடையது கட்டைவிரல் நுழையும் அளவாவது இருக்கட்டும். கால், கழுத்து, தலை எல்லாம் ஒட்டி முடித்த பிறகு ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் போகவில்லை.

3. கால், கழுத்து, தலை. சில தாங் குதிரைகளின் பிடரியில் நீளமாக ஒரு பள்ளம் இருக்கும், நிஜ முடி பதிப்பதற்காக இருக்கலாம். எனக்கு அது மிகவும் பிடிக்கும், கத்தி முனையால் கீறிவிடுவேன்.

4. முதல் சுடல், சுமார் 1050 டிகிரி.

5. பூச்சு. அவர்கள் ஈயம் கலந்தார்கள். பச்சைக்குத் தாமிரம், பழுப்புக்கு இரும்பு. ஈயம் விஷம், நீங்கள் ஈயமில்லாத பூச்சே வாங்குங்கள். முதுகில் தாராளமாக, குளம்புக்கு மேலே விரலளவு விட்டு நிறுத்துங்கள். வழிகிற பூச்சு கீழே போய் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் சுடல் டப்பாவில் போட்டிருக்கும் சூட்டில்.

பிற்சேர்க்கை: காயும்போது கால்கள் அகன்றுவிடுவதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்கவும். தாங் குதிரைகளைப் போலவே நான்கு குளம்புகளையும் அதே மண்ணில் செய்த மெல்லிய பலகையில் ஒட்டுங்கள். இரண்டும் சேர்ந்தே சுருங்கும். பலகைக்கு அடியில் செய்தித்தாள், வயிற்றுக்கு முட்டுக்கொடுக்க ஸ்பாஞ்சுத் துண்டு. சுடுவதற்கு முன் ஸ்பாஞ்சை எடுத்துவிடுங்கள்.