பழைய ஆண்ட்ராய்டு போனிலும் உங்கள் ஆப் ஓட வேண்டுமா?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் அன்றாட விலையைக் காட்டும் சின்ன ஆப் ஒன்றை உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மல்லிகை விவசாயிகளுக்காகச் செய்திருக்கிறேன். பலர் கையில் இருப்பது, மகன் புதுசு வாங்கியதும் அப்பாவிடம் வந்து சேர்ந்த ஆண்ட்ராய்டு 6, 7 போன்கள். அவற்றில் ஆப்பை ஓட வைத்த வழி இது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் ஒரு ப்ராஜெக்ட் தொடங்கி பில்ட் பண்ணத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: எண்கள்

கிரேடில் கோப்பில் மினிமம் எஸ்டிகே 23 என்று வையுங்கள். ஆப் ஓடக்கூடிய மிகப் பழைய ஆண்ட்ராய்டைச் சொல்லும் எண் அது; 23 என்றால் ஆண்ட்ராய்டு 6. டார்கெட் எஸ்டிகே, அதாவது எந்த ஆண்ட்ராய்டுக்காக ஆப் தயார் செய்யப்பட்டது என்று சொல்லும் எண், 35 இருக்கட்டும். டார்கெட்டை ஏற்றினால் பழைய போனில் ஓடாது என்று பலர் பயப்படுகிறார்கள். எந்தப் போனில் ஆப் ஏறும் என்பதை மினிமம்தான் தீர்மானிக்கிறது, டார்கெட் இல்லை. புது ஆப்களுக்கும் அப்டேட்களுக்கும் டார்கெட் 35 வேண்டும் என்று பிளே ஸ்டோர் 2025 ஆகஸ்ட் 31 முதல் கேட்கிறது, அதனால் அதைக் குறைக்கவும் முடியாது.

மினிமத்தை 21 ஆக்க ஆசைப்பட வேண்டாம். கூகுளின் ஜெட்பேக் லைப்ரரிகளே 2025 ஜூனிலிருந்து 23க்கு நகர ஆரம்பித்துவிட்டன. மீறி 21 வைத்தால் மேனிஃபெஸ்ட் மெர்ஜ் பிழை வரும். 'ஓவர்ரைடு லைப்ரரி' என்று ஒரு வரி போட்டால் பிழை போய்விடும், ஆனால் ஆப் போனில் போய் விழும். அந்த வரியை நான் தொடுவதே இல்லை.

இரண்டாம் படி: சிவப்புக் கோடு

புது ஆண்ட்ராய்டில் மட்டுமே உள்ள ஏபிஐ எதையாவது அழைத்தால், ஸ்டுடியோவின் பிழை தேடும் கருவியான லின்ட் சிவப்புக் கோடு போடும். ஆல்ட் என்டர் அடித்தால் 'ரிக்வயர்ஸ் ஏபிஐ' குறிப்பைச் சேர்க்கவா என்று கேட்கும். சேர்த்தால் கோடு அங்கே மறைந்து, அந்த ஃபங்ஷனை அழைக்கும் இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். போனின் எஸ்டிகே எண்ணை 'இஃப்' வைத்துச் சோதித்து, பழைய போனுக்கு வேறு வழி எழுதுவதுதான் சரி. நோட்டிஃபிகேஷன் சேனலுக்கு (எஸ்டிகே 26 முதல்தான் உண்டு) இப்படித்தான் செய்தேன்.

தேதி கணக்குக்கு ஜாவா டைம் வகுப்புகளைப் பயன்படுத்தினால் அதற்கும் 26 வேண்டும். கிரேடிலில் 'கோர் லைப்ரரி டிஷுகரிங்' என்பதை ஆன் செய்து, அதற்குரிய டிபென்டன்சியையும் சேர்த்தால் 23லும் ஓடும்.

ஒரு கிளைக்கதை. கம்பைல் எஸ்டிகேயை (ஆப்பை எந்த ஆண்ட்ராய்டு பதிப்பை வைத்துக் கம்பைல் செய்வது என்ற எண்) 35 ஆக்கியபின் கோட்லின் லிஸ்ட்டில் 'ரிமூவ் ஃபர்ஸ்ட்' எழுதினால், ஆண்ட்ராய்டு 14 வரையிலான போன்களில் ஆப் நின்றுவிடலாம். அந்தப் பெயரில் ஜாவாவிலேயே புது மெத்தட் வந்துவிட்டதால் கம்பைலர் அதைப் பிடித்துக்கொள்கிறது. 'ரிமூவ் அட்' என்று எழுதி 0 கொடுத்தால் தொல்லை இல்லை.

மூன்றாம் படி: சான்றிதழ்

என்னைப் படுத்தியெடுத்தது இதுதான். ஆண்ட்ராய்டு 6 போனில் ஆப் திறக்கிறது, பட்டன்கள் வேலை செய்கின்றன, விலை மட்டும் வரவில்லை. அதே வைஃபையில் புதுப் போனில் வருகிறது. லாக்கேட்டில், அதாவது போனின் பதிவுகளில், எஸ்எஸ்எல் ஹேண்ட்ஷேக் பிழை, கூடவே ட்ரஸ்ட் ஆங்கர் கிடைக்கவில்லை என்ற வரி. சர்வரின் சான்றிதழைப் போன் நம்பவில்லை என்று அர்த்தம்.

சர்வரில் இருந்தது லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவையின் சான்றிதழ். அதற்கு அடிப்படையான ரூட் சான்றிதழ் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1, ஆண்ட்ராய்டு 7.1.1 முதல்தான் போனோடு வருகிறது. அதற்கு முந்தைய போன்களுக்காக டிஎஸ்டி ரூட் எக்ஸ்3 என்ற பழைய ரூட் எக்ஸ்1க்குக் கையெழுத்துப் போட்டிருந்தது. அந்தப் பழைய ரூட் 2021லேயே காலாவதி. ஆனால் ஆண்ட்ராய்டு ரூட்டின் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை என்பதால் வண்டி ஓடியது. 2024 செப்டம்பர் 30ல் அந்தக் கையெழுத்தின் காலமும் முடிந்தது. உங்கள் புரோகிராமில் கோளாறு இல்லாததால் லின்ட் இதைப் பற்றி மூச்சு விடாது.

எந்தச் சான்றிதழை நம்பலாம் என்று ஆப்புக்குச் சொல்லும் நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக் கோப்பு போதும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது ஆண்ட்ராய்டு 7ல்தான் வந்தது. 6 அதைக் கண்டுகொள்ளாது. நான் செய்தது, இணைய இணைப்புக்கான ஓகேஹெச்டிடிபி லைப்ரரி வழியாக.

லெட்ஸ் என்கிரிப்ட் தளத்திலிருந்து எக்ஸ்1 ரூட்டின் பெம் கோப்பை இறக்கி, ரெஸ் ஃபோல்டருக்குள் ரா என்ற ஃபோல்டரில் போடுங்கள். கோப்புப் பெயரில் ஹைஃபன் இருந்தால் பில்ட் ஆகாது. அப்புறம் ஓகேஹெச்டிடிபியின் டிஎல்எஸ் லைப்ரரியைச் சேர்த்து, ஹேண்ட்ஷேக் சர்டிஃபிகேட்ஸ் பில்டரில் இந்தக் கோப்பையும் போனில் ஏற்கெனவே உள்ள சான்றிதழ்களையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டாவதை விட்டால் மற்ற தளங்கள் எல்லாம் படுத்துவிடும். கிடைக்கும் சாக்கெட் ஃபேக்டரியையும் ட்ரஸ்ட் மேனேஜரையும் ஓகேஹெச்டிடிபி கிளையன்டிடம் ஒப்படைத்தால் விலை வந்துவிடும்.

எல்லாச் சான்றிதழையும் நம்பு என்று ஒரு கோட் துண்டு இணையம் முழுக்கச் சுற்றுகிறது. தயவுசெய்து வேண்டாம். நடுவில் யார் உட்கார்ந்து விலையை மாற்றினாலும் ஆப் தலையாட்டும்.

சோதனை

23க்கான எமுலேட்டரிலேயே சான்றிதழ்ப் பிழை தெரிந்துவிடும், ரூட் பட்டியல் ஓஎஸ்ஸுக்குள் இருப்பதால். ஆனால் 1 ஜிபி ராம் போனில் லிஸ்ட் எப்படித் திணறுகிறது என்பது எமுலேட்டரில் தெரியாது. மீனாட்சி பஜாரில் செகண்ட் ஹேண்ட் போன் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே டேட்டா போகும் கேபிளா என்று பாருங்கள். ஸ்டுடியோவின் வயர்லெஸ் டீபக்கிங் ஆண்ட்ராய்டு 11 முதல்தான், அதனால் இதற்குக் கேபிள் கட்டாயம்.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் அதே பிழை என்று ஒருவர் எழுதியிருந்தார். பேட்டரி முழுக்க இறங்கியதில் போனின் தேதி பல வருஷம் பின்னே போயிருந்தது. தேதியைச் சரிசெய்ததும் தீர்ந்தது. இன்னொருவருக்கு விலை வந்தது, பூப் படங்கள் வரவில்லை. அவர் படங்களை இறக்க வைத்திருந்தது கிளைட் என்ற லைப்ரரி. அது தனக்கென்று வேறு இணைப்பைப் பயன்படுத்தும். கிளைடின் ஓகேஹெச்டிடிபி இணைப்பு லைப்ரரியைச் சேர்த்து, மேலே செய்த அதே கிளையன்டை அதற்கும் கொடுக்க வேண்டும். ஆப்புக்குள் வலைப்பக்கம் காட்டும் வெப்வியூவுக்கு இந்த வழி செல்லாது. வெப்வியூ வைத்திருப்பவர்கள் சர்வரில் வேறு நிறுவனத்தின் சான்றிதழுக்கு மாறுவதே சுலபம்.