பழைய கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்ற: எம்.கே.வி.யா, எம்.பி.4-ஆ?

சேலத்தில் 90-களில் நடந்த கல்யாணம் என்றால் பரணில் கிடப்பது அநேகமாக வி.எச்.எஸ். கேசட்டாகத்தான் இருக்கும். சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-லேயே வந்துவிட்டது. மறு வருடம் ஜே.வி.சி. கொண்டுவந்த வி.எச்.எஸ்.தான் வீடுகளில் நிலைத்தது. கேசட்டை ஓட்டும் டெக்கைக் (வி.சி.ஆர்.) கடைசிவரை தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டதால் புது டெக்குக்கு வழியில்லை. ஓடுகிற டெக் யார் வீட்டிலாவது இருந்தால் இப்போதே வாங்கி வேலையை முடித்துவிடுங்கள்.

டெக்கிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை படத்தையும் ஒலியையும் கணினிக்குள் கொண்டுவரும் யு.எஸ்.பி. கேப்சர் கருவியில் செருகி, கருவியைக் கணினியில் மாட்டுங்கள். மென்பொருளுக்கு ஓ.பி.எஸ். ஸ்டுடியோ போதும். இலவசம்தான். கருவியோடு வரும் சிடியை நான் தொடுவதே இல்லை.

ஓ.பி.எஸ்.-இல் கருவியைச் சேர்த்து, வீடியோ ஸ்டாண்டர்டில் பால்-பி (PAL-B, நம் ஊர் டிவி முறை) எடுங்கள். என்.டி.எஸ்.சி. (அமெரிக்க முறை) என்று இருந்தால் நிறம் போய்விடும், அல்லது படம் உருளும். கேன்வாஸ் அளவு 768-க்கு 576. எஃப்.பி.எஸ்., அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) என்பது, 50.

அந்த 50 ஏன் என்பதில்தான் எனக்கும் அதிக நேரம் போனது. நம் ஊர் பால் முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் ஒரு பாதி என்று அடுத்தடுத்த இரண்டு கணங்களில் பதிவானது. இரண்டையும் அப்படியே சேர்த்தால், மணப்பெண் கையை அசைக்கும்போது வளையல் விளிம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரியும். ஓ.பி.எஸ்.-இல் கருவியின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து, டீஇன்டர்லேசிங்கில் 'யாடிஃப் 2எக்ஸ்' வையுங்கள். பாதிகள் தனித்தனிப் படங்களாகி, 25 ஐம்பதாகும். அசைவு முன்னும் பின்னும் துள்ளினால் அங்கேயே ஃபீல்டு (அந்தப் பாதிகளின்) வரிசையை மாற்றிப் பாருங்கள்.

சரி, வீடியோ ஃபைலுக்கு எந்த ஃபார்மட்? பதிவு செய்யும்போது எம்.கே.வி. மட்டும்தான். சாதாரண எம்.பி.4-இல் பதிவாகும்போது நடுவில் கரண்ட் போனால் மொத்த ஃபைலும் திறக்காமல் போகலாம். எம்.கே.வி. என்றால் அதுவரை பதிந்தது தப்பிக்கும். மூன்று மணி நேர கேசட் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும் என்பதால் இது பெரிய விஷயம். முடிந்ததும் ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ்' கொடுத்தால் தரம் குறையாமல் எம்.பி.4 ஆகிவிடும். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப அதுதான் வசதி. டிவிடியில் ஏற்றித் தருகிறோம் என்பார்கள், எனக்கு அதில் விருப்பமில்லை. அதுவும் கீறல் விழுந்து போகும் பொருள்தான்.

பிறகு சேர்த்தது: மினி டி.வி. (MiniDV) என்ற சின்ன கேம்கோடர் கேசட் வைத்திருப்பவர்கள் மஞ்சள் ஒயர் பக்கமே போகாதீர்கள். அது ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் ஒயர் வழியாக எடுத்தால் உள்ளது உள்ளபடி வரும், மணிக்குச் சுமார் 13 ஜிபி.

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி, கேசட்டின் கண்ணாடி வழியாகச் சுருளில் வெள்ளைத் தூள் தெரிகிறதே என்று கேட்டிருந்தார். மலை ஈரத்தில் பிடித்த பூஞ்சணம் அது. அதை டெக்கில் போடவே வேண்டாம், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கும்வரை தனி டப்பாவில் வையுங்கள். மற்ற கேசட்டுகளை அதுவரை கணினியில் ஏற்றிவிடலாம்.