புது டிராக்டர் பேட்டரிக்கு ஆசிட் ஊற்றி முதல் சார்ஜ் ஏற்றுவது எப்படி?

சில வருடங்களுக்கு முன், உழவு நேரத்தில் எங்கள் டிராக்டர் பேட்டரி கைவிட்டது. புதிதாக ஒன்று வாங்கினோம். "டிரை சார்ஜ்டுதான், ஆசிட் ஊத்தி அரை மணி நேரத்துல மாட்டிக்கலாம்" என்று கடையில் சொன்னார்கள். மாட்டினோம், வண்டியும் உடனே கிளம்பியது. ஆனால் அந்தப் பேட்டரி இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை. முதல் சார்ஜ் ஏற்றாமல் மாட்டியதுதான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

டிரை சார்ஜ்டு பேட்டரியின் தகடுகளுக்குத் தொழிற்சாலையிலேயே சார்ஜ் ஏற்றி, உலர்த்தி, ஆசிட் இல்லாமல் மூடி அனுப்புகிறார்கள். கடையில் மாதக்கணக்கில் கிடந்தால் மூடியையும் மீறி ஈரக்காற்று உள்ளே போகும். நெகட்டிவ் தகட்டில் இருக்கும் ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சைடாகிவிடும். அதன்மேல் ஆசிட் ஊற்றினால் சூடு ஏறும், சார்ஜ் இறங்கும். இறங்கியதைத் திரும்பக் கொடுக்கத்தான் முதல் சார்ஜ். (ஆசிட்டோடு வரும் மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரிக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம்.)

கையில் இருக்க வேண்டியவை

கலந்து தயாராக விற்கும் பேட்டரி ஆசிட், பிளாஸ்டிக் புனல், ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி), வெப்பமானி, ஆம்பியர் காட்டும் சார்ஜர், ரப்பர் கையுறை, கண்ணாடி. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு பொட்டலம் ஆப்ப சோடாவும் வையுங்கள். கீழே சிந்திய ஆசிட்டில் சோடாவைத் தூவலாம். கண்ணில் பட்டால் தண்ணீர் மட்டும்தான்: குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள். நல்ல வேட்டி, பருத்திச் சட்டையோடு உட்காராதீர்கள். அப்போது ஒன்றும் தெரியாது, துவைக்கும்போதுதான் ஓட்டை ஓட்டையாக விழும்.

அடர் ஆசிட்டை வாங்கி வீட்டில் கலக்க வேண்டாம். அதில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கலந்த ஆசிட்டின் கிராவிட்டி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு) எவ்வளவு என்பது பேட்டரியோடு வரும் தாளில் இருக்கும். குளிர் நாடுகளில் 1.280 வரை ஊற்றுவார்கள், நம் வெயிலுக்குப் பொதுவாக 1.240 ஒட்டி வரும். ஆசிட் கெட்டியாக இருந்தால் பேட்டரிக்கு நல்லது என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள், தகடு சீக்கிரம் அரித்துப்போகும்.

ஊற்றுவது

ஆறு மூடிகளையும் கழற்றுங்கள். மூடித் துளையில் டேப்போ பிளாஸ்டிக் அடைப்போ இருந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள். அது இருந்தால் வாயு வெளியே போக வழியில்லாமல் பேட்டரி உப்பி வெடிக்கும். ஒவ்வொரு அறையிலும் தகடு மூழ்கி, அதற்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் நிற்கும்வரை நிதானமாக ஊற்றுங்கள். அப்புறம் அரை மணி நேரம் கையை வைக்காதீர்கள். தகடு ஆசிட்டைக் குடிக்கும், மட்டம் இறங்கும், பெட்டி சூடாகும். இறங்கிய அளவுக்கு அதே ஆசிட்டை ஊற்றுங்கள். இதற்குப் பிறகு இந்தப் பேட்டரிக்கு ஆசிட் கிடையாது, டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

சார்ஜ் ஏற்றுவது

காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். பீடி, சிகரெட் அந்தப் பக்கமே வரக்கூடாது. கிளிப்பை மாட்டிய பிறகுதான் சார்ஜரை ஆன் செய்ய வேண்டும். கழற்றும்போது முதலில் ஆஃப்.

தாளில் வேறு அளவு சொல்லாவிட்டால், பேட்டரியின் ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) அளவில் 20-ல் ஒரு பங்கு ஆம்பியர் வையுங்கள். 100 ஏ.ஹெச். என்றால் 5 ஆம்பியர். சீக்கிரம் முடியட்டும் என்று 20 ஆம்பியரைத் திணித்தால் சூடேறித் தகட்டின் பூச்சு உதிரும். ஆசிட் 50 டிகிரியைத் தொட்டால் நிறுத்தி, ஆறவிட்டுத் தொடருங்கள்.

எத்தனை மணி நேரம் என்று எல்லோரும் கேட்பார்கள். கடிகாரம் இதற்கு உதவாது, கிராவிட்டிதான் சொல்ல வேண்டும். ஆறு அறையிலும் நன்றாகக் குமிழி வரத் தொடங்கியதும் மணிக்கு ஒரு தடவை அளந்து எழுதுங்கள். ஹைட்ரோமீட்டரை நேராகப் பிடித்து, கண் மட்டத்தில் பார்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை அளவு ஏறாமல் நின்றால் சார்ஜ் முழுசு. தானாக நிற்கும் சார்ஜர் என்றாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள்.

சூடான ஆசிட் குறைத்துக் காட்டும். 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 0.007 கூட்டிக்கொள்ளுங்கள். 42 டிகிரியில் 1.245 காட்டினால் உண்மையில் சுமார் 1.255. ஆறு அறையில் ஒன்று மட்டும் மற்றதைவிட 0.030-க்கு மேல் தாழ்ந்து நின்றால் வண்டியில் மாட்டாமல், வாரண்டி அட்டையோடு கடைக்கே கொண்டுபோங்கள்.

வண்டியில் மாட்டுவது

மூடிகளைத் திருகி, மேல்புறத்தை ஈரத் துணியால் துடைத்து, இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். டெர்மினலில் பாசிட்டிவ்தான் தடித்தது. மாற்றி மாட்டினால் ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடும். மேலே வாசலின் தடவி, பிடிமானக் கம்பியை ஆடாதபடி இறுக்குங்கள். வயல் குலுக்கலில் தகடு உடைவது இது தளர்வதால்தான். பத்து நாள் கழித்து ஒரு தடவை மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பாருங்கள்.