முளைகட்டிய கேழ்வரகும் நாலு சொட்டு அயோடினும்: நொதி வேலை செய்வதை வீட்டிலேயே பார்ப்பது எப்படி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் கைப்பிள்ளைக்கு முதல் கஞ்சி என்றால் முளைகட்டிய கேழ்வரகு மாவில்தான். ஆச்சி வேறு மாவைத் தொடவே விடமாட்டாள். "சும்மா மாவுல காய்ச்சினா களியா கட்டிக்கிடும்ளா, பச்சப்பிள்ள எப்படி முழுங்கும்?" என்பாள். ஒரே தானியம், ஒரே அளவு தண்ணீர். ஆனாலும் முளைகட்டிய மாவில் காய்ச்சியது மட்டும் இளக்கமாக ஓடும். ஏன் என்று அண்ணன் மகன் கேட்டபோது, "நொதி" (என்சைம்) என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டேன். "அதைக் கண்ணால பார்க்க முடியுமா அத்தை?" என்றான். முடியும். ஆனால் ஒழுங்காகப் பார்க்க எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. உங்களுக்கு ஒன்றே போதும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேண்டிய சாமான்கள்

ஒரு கைப்பிடி கேழ்வரகு, அரை டீஸ்பூன் கார்ன்ஃப்ளார், கொஞ்சம் வினிகர் (பிற்சேர்க்கைச் சோதனைகளுக்கு), மருந்துக்கடையில் கிடைக்கும் பெட்டாடின் கரைசல் (இதுதான் நம் அயோடின்), மூன்று டம்ளர், ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு.

கஞ்சிக்குக் கார்ன்ஃப்ளார்தான் நல்லது. சோறு வடித்த கஞ்சியை எடுக்காதீர்கள். ஒருநாள் கெட்டியாக இருக்கும், மறுநாள் நீர்த்திருக்கும். இன்றைய முடிவை நேற்றையதோடு ஒப்பிட முடியாது. தட்டு எவர்சில்வராக இருந்தால் நிறமே தெரியாது, வெள்ளைப் பீங்கான் கட்டாயம். பெட்டாடின் களிம்பு வேண்டாம், திரவமாக இருப்பதை வாங்குங்கள். அதில் பத்துச் சொட்டை அரை டம்ளர் தண்ணீரில் விட்டால் பால் விடாத டீ நிறம் வரும். அந்த நிறம் போதும்.

நொதிச் சாறு எடுப்பது

கேழ்வரகை இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, துணியில் முடிந்து வையுங்கள். இரண்டு நாளில் முளை விடும். விதைக்குள் சேமித்து வைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கித்தான் முளை வளர வேண்டும். அதற்காகவே அந்த நேரத்தில் விதை அமைலேஸ் என்ற நொதியை மும்முரமாகச் செய்கிறது. ஊறவைத்தது மட்டும் போதாது, முளை நன்றாக வெளியே வந்திருக்க வேண்டும்.

இரண்டு கரண்டி முளைத்த கேழ்வரகை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் விட்டு அரையுங்கள். மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டுங்கள், ஜார் சூடேறக் கூடாது. அம்மி இருந்தால் அதுதான் என் விருப்பம். அரை மணி நேரம் வைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, அசைக்காமல் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்து எடுக்க வேண்டும். அடியில் வண்டலாகப் படிவது கேழ்வரகின் சொந்த மாவு. அது கலந்தால் சாறே நீலமாகிக் குழப்பும். அதனால் தெளிவில் ஒரு சொட்டு எடுத்து அயோடின் விட்டுப் பாருங்கள். நீலம் வந்தால் இன்னும் தெளிய விடுங்கள்.

கஞ்சியை ஆறவிடுங்கள் (என் இரண்டு ஞாயிறு போன இடம்)

அரை டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, கண்ணாடி போல் வரும்வரை காய்ச்சுங்கள். இதில் அயோடின் பட்டால் கருநீலம் வர வேண்டும்.

எனக்கு வரவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு விட்டேன், அயோடினின் மஞ்சள்தான் நின்றது. மருந்து பழசு என்று நினைத்துப் புதுப் புட்டி வாங்கினேன். அடுத்த வாரமும் அப்படியே. அலுத்துப்போய்த் தட்டை மேடையில் விட்டுவிட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அதே தட்டில் கருநீலம்!

காரணம் இதுதான். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கண்ணிகளால் ஆன நீளச் சங்கிலி, அது சுருள் கம்பி போல் சுருண்டிருக்கும். அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்தால்தான் நீலம். சூட்டில் சுருள் தளர்ந்து அயோடினை விட்டுவிடும், ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இது தெரியாமல் சூடான கஞ்சியில் சாற்றையும் விட்டுச் சோதித்திருந்தால், "ஆகா, நொதி எல்லாவற்றையும் வெட்டிவிட்டது" என்று நான் நம்பியிருப்பேன். ஆகவே கஞ்சி நன்றாக ஆறட்டும். கொதிக்கிற கஞ்சி நொதியையும் கெடுத்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

மூன்று டம்ளர்

ஆறிய கஞ்சியை டம்ளருக்கு நாலு மேசைக்கரண்டி ஊற்றுங்கள். முதல் டம்ளரில் ஒரு டீஸ்பூன் சாறு. இரண்டாவதில், ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்த அதே சாறு ஒரு டீஸ்பூன். மூன்றாவதில் வெறும் தண்ணீர் ஒரு டீஸ்பூன். மூன்றையும் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீருள்ள பாத்திரத்தில் நிறுத்துங்கள்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு சொட்டு அயோடின் வைத்துக் கலக்குங்கள். டம்ளருக்குத் தனித்தனி ஸ்பூன் வைத்துக்கொள்ளுங்கள். முதல் டம்ளரில் நொதி மாவுச்சங்கிலியை அறுக்க அறுக்கச் சுருள் குட்டையாகி, கருநீலம் ஊதாவாகும், அப்புறம் செம்பழுப்பு, கடைசியில் வெறும் அயோடின் மஞ்சள். என் தட்டில் இதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. மற்ற இரண்டும் கடைசிவரை நீலம்தான்.

இரண்டாவது டம்ளரைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முழுச் சோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது. சாற்றில் இருந்த பொருள் எதுவும் எங்கும் போகவில்லை, கொதித்தது மட்டும்தான் வித்தியாசம். நொதி ஒரு புரதம். அதன் நீள இழை குறிப்பிட்ட விதமாக மடங்கி நடுவில் ஒரு குழிவு உண்டாகும், மாவுச்சங்கிலி அதில் பொருந்தும்போது கண்ணி அறுபடும். ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1894-இல் இதைப் பூட்டும் சாவியும் போல என்றார். 1958-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் கோஷ்லாண்ட், குழிவும் கொஞ்சம் வளைந்து கொடுத்துப் பிடிக்கிறது என்று திருத்தினார். கொதித்தால் மடிப்பு குலைந்துவிடும். பொருள் இருக்கும், வடிவம் இருக்காது, வேலையும் இருக்காது. முட்டை வெந்தபின் பழைய நிலைக்குத் திரும்பாததும் இதே கதைதான்.

இன்னொன்று, நொதிக்கு உயிர் கிடையாது. புழு பூச்சி போல நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஒரு கண்ணியை அறுத்தபின் தான் மாறாமல் அடுத்த கண்ணிக்குப் போகும், அதனால்தான் ஒரு டீஸ்பூன் சாறே போதுமாகிறது. 1833-இல் பாயன், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைத்த பார்லியிலிருந்து இதே சாற்றை எடுத்து, சாராயம் விட்டுத் திரித்து, வெள்ளைப் பொடியாகவே பிரித்தார்கள். நம் அம்மிச் சாறு அதற்கு ஒரு படி முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான்.

தறியிலும் ஆய்வகத்திலும்

வீரவநல்லூர்ப் பக்கம் தறி வீடுகளைப் பார்த்தவர்களுக்குப் பாவுக்கு, அதாவது தறியில் நெடுக்காக ஓடும் நூலுக்கு, கஞ்சி போடுவது தெரியும். நூல் அறாமலிருக்க அது வேண்டும். ஆனால் நெய்தபின் சாயம் ஏற்ற அதே கஞ்சி தடை. பெரிய ஆலைகளில் அதை நீக்க அமைலேஸ்தான் பயன்படுகிறது. அமிலம் விட்டாலும் கஞ்சி போகும், ஆனால் பருத்தி நூலும் சேர்ந்து நைந்துவிடும். நொதி மாவுச்சங்கிலியை மட்டும் தொடும், பருத்தியின் செல்லுலோஸ் அதன் குழிவில் பொருந்தாது. இரண்டுமே குளுக்கோஸ் கண்ணிகள்தான், கண்ணி கோத்த விதம்தான் வேறு. இந்த இடம் எனக்கு ஒவ்வொரு முறையும் பிரமிப்பு.

ஆலைக்கு வேண்டியது சூடு தாங்கும் நொதி. சில பாக்டீரியாக்களின் அமைலேஸ் 90 டிகிரிக்கு மேலும் வேலை செய்யும், அவற்றைத் தொட்டிகளில் வளர்த்து நொதியைப் பிரிக்கிறார்கள். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தச் சோதனையும் சூடு தாங்கும் ஒரு நொதியை நம்பியதுதான். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்ட ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்த அந்த நொதி, ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி வரை சூடாகியும் மடிப்புக் குலையாமல் டிஎன்ஏவைப் படியெடுக்கிறது. நம் கேழ்வரகு நொதி அந்தச் சூட்டில் நிற்காது. தாமிரபரணித் தண்ணீரில் முளைக்கிற விதைக்கு அந்தத் திறன் எதற்கு?

பிற்சேர்க்கை 1: எலுமிச்சை

அமிலத்தில் நொதி வேலை செய்யுமா என்று பார்க்க, வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு விட்ட ஒருவர், "எல்லா டம்ளரிலும் நீலம் போய்விட்டது" என்று எழுதியிருந்தார். எலுமிச்சையின் வைட்டமின் சி அயோடினையே நிறமற்றதாக்கிவிடும், நொதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வினிகர்தான் சரி. தாராளமாக விட்டால் நொதி முடங்கி நீலம் நிற்பதைக் காணலாம். எச்சிலிலும் அமைலேஸ் உண்டு, சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிப்பது அதனால்தான். வயிற்று அமிலத்தில் அது முடங்குவதும் இப்படித்தான்.

பிற்சேர்க்கை 2: சுண்ணாம்பு

திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதை நினைத்து, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை விட்டுப் பார்த்திருக்கிறார். நல்ல யோசனை. பனையின் இனிப்பை ஈஸ்டின் ஒரு நொதி முதலில் இரண்டாக உடைக்கும், பிறகு வேறு நொதிகள் அதைக் கள்ளாக்கும். ஈஸ்டைச் சாந்து போல அரைத்துப் பிழிந்த, உயிரணு இல்லாத சாறுகூடச் சர்க்கரையைப் புளிக்கவைக்கும் என்று 1897-இல் காட்டியவர் ஜெர்மன் வேதியியலாளர் பூக்னர். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்டும் பெருகாது, நொதியும் மந்தமாகும். இனிப்பு உடைந்துபோன பதநீரில் கருப்பட்டி சரியாகக் கட்டாது என்பதால் காய்ச்சுகிறவர்கள் இதில் அவ்வளவு கவனம்.

ஆனால் அவருக்கு நீலம் எந்த டம்ளரிலும் வரவில்லை. காரமும் அயோடினைத் தின்றுவிடும். நானும் செய்து பார்த்தேன். தட்டில் எடுத்த சொட்டில் முதலில் ஒரு சொட்டு வினிகர், பிறகு அயோடின் என்று விட்டால் நீலம் திரும்புகிறது. தண்ணீர் டம்ளரிலும் அதையே செய்து ஒப்பிடுங்கள்.

பிற்சேர்க்கை 3: சாற்றை ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மறுநாள் வரை நன்றாக வேலை செய்தது. மூன்றாம் நாள் புளித்த வாடை வந்துவிட்டது, கொட்டிவிட்டேன். முளைத்த கேழ்வரகை நிழலில் காயவைத்து டப்பாவில் போட்டுக்கொண்டு, வேண்டும்போது அரைப்பதுதான் வசதி. வெயிலில் வறட்டவோ சட்டியில் வறுக்கவோ வேண்டாம். அயோடின் கலந்த எதையும் வாயில் வைக்காதீர்கள். தட்டில் நீலக் கறை நின்றால், பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோலால் ஒரு தேய் தேயுங்கள்.