விபிஎஸ்: புதிதாக வாங்குகிறவர்கள் விழும் பள்ளங்கள்

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் பட்டுக்கடை, பாத்திரக்கடை வைத்திருப்பவர்கள் பலருடைய தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கை விட்டு, சர்வரில் தனிப் பகுதி தரும் விபிஎஸ்ஸுக்கு (virtual private server) மாறுகிறார்கள். ரூட் அனுமதி (சர்வரில் எதையும் மாற்றும் உரிமை), உங்களுக்கென்று ஒதுக்கிய ரேம், தனி ஐபி எல்லாம் கிடைக்கும். அப்டேட், மெயில், பேக்கப் மூன்றும் இனி உங்கள் தலையில். பாஸ்வேர்டைப் பற்றிச் சொல்லப்போவதில்லை, அது தெரிந்ததுதான்.

1 ஜிபி ரேம் போதும் என்பது

தீபாவளிக்கு முந்தைய வாரம் வரை போதும். கூட்டம் கூடினால் தளத்தை இயக்கும் பிஎச்பி ப்ராசஸ்கள் பெருகும். ரேம் தீர்ந்ததும் லினக்ஸ் பெரும்பாலும் டேட்டாபேஸை நடத்தும் மைஎஸ்கியூஎல்லைத்தான் கொல்லும். ரீபூட் செய்தால் எழும், மறுபடி விழும். 2 ஜிபி ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) போட்டு, பிஎச்பி ப்ராசஸ்களை நிர்வகிக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் அதிகபட்ச சைல்டு (ப்ராசஸ்) எண்ணிக்கையை 5 ஆக்குங்கள்.

பேக்கப்பை சர்வர் இருக்கும் அதே கணக்கில் வைப்பது

எத்தனை முறை சொன்னாலும் "ஸ்னாப்ஷாட் இருக்கே சார்" என்பார்கள். அது சர்வரின் முழு நகல், அதே கணக்கில் இருப்பது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு விற்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் இ-மேன்டேட் (தானாகப் பணம் எடுக்கும் அனுமதி) விதிகள் அமலில் இருப்பதால், விபிஎஸ் தரும் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கார்டில் தானாகப் பணம் போவது தடைபடலாம். எச்சரிக்கை மெயில் போவதோ, தளம் செய்து கொடுத்த பையனின் பழைய ஜிமெயிலுக்கு. சர்வர் முதலில் சஸ்பெண்ட், பிறகு டெலீட். ஸ்னாப்ஷாட்டும் கூடவே போய்ச் சேரும்.

தினமும் இரவு 2 மணிக்கு க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி) மைஎஸ்கியூஎல்டம்ப் ஓடட்டும்; டேட்டாபேஸை ஒரு கோப்பாக எடுத்துத் தருவது அது. சிங்கிள்-டிரான்ஸாக்ஷன் ஆப்ஷன் சேர்த்தால் இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான சேமிப்பு முறை) டேபிள்கள் பூட்டிக்கொள்ளாது. டம்ப் கோப்பை ஜிஸிப்பில் சுருக்கி, ஆர்குளோன் (கோப்புகளை நகலெடுத்து அனுப்பும் கருவி) வழியாக வேறு நிறுவனத்தின் ஸ்டோரேஜுக்கு அனுப்புங்கள். அப்லோட்ஸ் ஃபோல்டரையும் சேருங்கள். டேட்டாபேஸில் விளக்கின் விலை இருக்கும், படம் இருக்காது.

கோப்பின் அளவையும் பாருங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ஸ்கிரிப்ட்டில் மாற்ற மறந்தால் டம்ப் தோற்கும். ஜிஸிப் மட்டும் விசுவாசமாக 20 பைட் வெற்றுக் கோப்பை இரவுதோறும் செய்து அடுக்கும். மாதம் ஒருமுறை காலி டேட்டாபேஸில் ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப், கணக்கில் சேராது.

ஃபயர்வாலை அவசரமாக இயக்குவது

முதலில், நீங்கள் சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழியான 22-ஆம் போர்ட்டை அனுமதியுங்கள். மறந்தால் கன்ட்ரோல் பேனலில் உள்ள கன்சோல்தான் கதி.

சர்வரிலிருந்தே மெயில் அனுப்புவது

பல நிறுவனங்கள் மெயில் வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை அடைத்தே தருகின்றன. தனி மெயில் சேவை வாங்குங்கள்.

செலவை மிச்சம் பிடிக்கக் கடையிலேயே சர்வர் வைப்பது

2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லை? வேண்டாம்.

சர்வரை ஆஃப் செய்தால் பில் நிற்கும் என்பது

பல இடங்களில் நிற்காது. டெலீட் செய்தால்தான் நிற்கும்.