சுவரைச் சூடாக்கினால் ஓட்டம் நிலைக்குமா, குலையுமா: கணிக்கும் முறை

ஒரு பரப்பைச் சூடாக்குவதோ குளிர்விப்பதோ அதை ஒட்டி ஓடும் பாய்மத்தின் (திரவம் அல்லது வாயுவின்) சீர்மையைக் காக்குமா, குலைக்குமா என்பதை, பாய்மம் எது, பரப்பு எப்படி அமைந்திருக்கிறது, வேகம் எவ்வளவு என்ற மூன்றும் தெரியாமல் சொல்ல முடியாது. சூடு எப்போதும் கொந்தளிப்பையே உண்டாக்கும் என்று நினைப்பவர்களை நீர் ஏமாற்றிவிடும்.

முதலில் பரப்பின் கிடப்பைப் பாருங்கள். பாய்மம் அசையாமலோ மிக மெதுவாகவோ இருக்க, கீழ்த்தட்டு சூடாகவும் மேல்தட்டு குளிர்ந்தும் இருந்தால், அடியிலுள்ள லேசான பாய்மம் மேலெழ முயலும். பாகுநிலையும் (எளிதில் வழிந்தோட விடாத பிசுபிசுப்பு) வெப்பக் கடத்தலும் அதைத் தடுக்கும். இந்த இழுபறியை அளப்பது ராலே எண். ஈர்ப்பு முடுக்கம், வெப்ப விரிவுக் குணகம், வெப்பநிலை வேறுபாடு, அடுக்குத் தடிமனின் மூன்றாம் படி ஆகியவற்றைப் பெருக்கி, இயக்கப் பாகுநிலையாலும் (பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தது) வெப்பப் பரவல் திறனாலும் (பாய்மத்தில் வெப்பம் பரவும் விரைவு) வகுத்தால் அது கிடைக்கும். இரண்டு திடத் தட்டுகளுக்கு இடையே அது 1708-ஐத் தாண்டினால் பாய்மம் புரளத் தொடங்கும். 20 டிகிரி செல்சியஸ் அளவிலுள்ள நீரில் தட்டுகளின் இடைவெளி 5 மி.மீ. என்றால் ஏறத்தாழ 1 டிகிரி வேறுபாடே அதற்குப் போதும், 2.5 மி.மீ. என்றால் 8 டிகிரிக்குச் சற்றுக் குறைவு வரை தாங்கும். ஆகவே புரளலை அடக்க, சூட்டைக் குறைப்பதைவிட இடைவெளியைக் குறைப்பதே பலன் தரும். மேற்பரப்பு திறந்த மெல்லிய எண்ணெய்ப் படலத்துக்கு இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். அங்கே பரப்பு இழுவிசையே ஓட்டத்தைத் தூண்டும். 4 டிகிரிக்குக் கீழுள்ள நீர் சூடேறினால் சுருங்கும் என்பதால், அங்கே விதியே தலைகீழாகிவிடும்.

அடுத்து, வேகமாக ஓடும் பாய்மத்துக்கு வருவோம். இங்கே கவனிக்க வேண்டியது பாகுநிலை. வெப்பம் ஏறினால் நீரின் பாகுநிலை குறையும் (20 டிகிரியில் இருப்பதில் பாதிக்கும் குறைவாக 60 டிகிரியில் இருக்கும்). காற்றின் பாகுநிலையோ கூடும். சூடான தட்டின் மேல் நீர் ஓடும்போது, தட்டை ஒட்டிய அடுக்கு இளகிவிடுவதால் திசைவேக வரைகோடு (தட்டிலிருந்து விலக விலக வேகம் எப்படிக் கூடுகிறது என்று காட்டும் கோடு) தட்டருகே விரைவாக உயர்ந்து, பிறகு ஒரே பக்கமாக வளைந்து செல்லும். வளைவு மாற்றப் புள்ளி (வளைவு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும் இடம்) இல்லாத அத்தகைய வரைகோடு சிறு அலைகளை எளிதில் வளரவிடாது. சூடான தட்டின் மேல் காற்று ஓடினால் வரைகோட்டில் அந்தப் புள்ளி தோன்றி, ஓட்டம் சீக்கிரமே குலையும். 1947-இல் லீப்மனும் ஃபிலாவும் காற்றில் செய்த சோதனையில், தட்டைச் சூடாக்கியபோது கொந்தளிப்பு முன்னதாகவே தொடங்கியது. எனவே ஓட்டத்தை நிலைப்படுத்த, நீரில் சுவரைச் சூடாக்குங்கள், காற்றில் குளிர்வியுங்கள்.

லேசான பாய்மத்தை மேலெழுப்பும் மிதப்புவிசை, பாகுநிலை மாற்றம் என்ற இரண்டு விளைவுகளும் மோதும்போது, கிராஷோஃப் எண்ணை (பாகுநிலைத் தடையோடு ஒப்பிட்ட மிதப்புவிசையின் அளவு) ரெனால்ட்ஸ் எண்ணின் (பாகுநிலைத் தடையோடு ஒப்பிட்ட ஓட்ட உந்தத்தின் அளவு) வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 1-ஐவிட மிகச் சிறியதாக இருந்தால் பாகுநிலையை முதன்மையாகக் கொள்ளலாம். 1-ஐ நெருங்கினால் மிதப்புவிசையை ஒதுக்கவே கூடாது. நீர்த்தொட்டியில் பாகுநிலையின் விளைவை மட்டும் காண விரும்பினால், சூடான முகம் கீழ்நோக்கி இருக்குமாறு தட்டைப் பொருத்துங்கள். அப்போது லேசான நீர் மேலேயே தங்கும், புரளாது. தட்டை ஒட்டி விடும் சாயத்தின் வெப்பநிலையும் அடர்த்தியும் ஓடும் நீருடையவையாகவே இருக்க வேண்டும், இல்லையேல் சாய இழை தானே தாழ்ந்தோ எழுந்தோ கணிப்பைக் கெடுக்கும். இழை நெளியத் தொடங்கும் இடத்தைக் குறித்துவைத்து, ஓட்ட வேகத்தை மாற்றாமல் தட்டின் வெப்பத்தைச் சில டிகிரி உயர்த்தி, அந்த இடம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

காற்றில் குளிர்விப்பு நல்லது என்ற விதிக்கும் ஒரு எல்லை உண்டு. ஒலியின் வேகத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் செல்லும்போது, ஆய்வாளர் லெஸ்லி மேக் கண்டறிந்த இரண்டாம் வகை அலை, மெதுவான ஓட்டத்தைக் குலைக்கும் முதல் வகை அலையை விட முதன்மை பெறுகிறது. முதல் வகையை அடக்கும் அதே குளிர்விப்பு இதை வளர்த்துவிடும். அத்தகைய ஊர்திகளின் புறப்பரப்பைக் குளிர்விக்கத் திட்டமிடும்போது இரு வகை அலைகளின் வளர்ச்சியையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.