குளவிக்குப் பந்தம் பிடிக்க வேண்டாம்

பின்வளவு மாமரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. வட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து ரொறன்ரோவில் இருக்கிற அக்காவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"தம்பி, உது யெல்லோ ஜாக்கெட். எங்கட டெக்குக்குக் கீழையும் கட்டினது. ஒண்டும் செய்யாத, விண்டர் வரத் தானாச் செத்துப்போம்."

"அக்கா, இஞ்ச எப்ப விண்டர் வாறது?"

அக்கா சொன்னது அங்கே சரிதான். யெல்லோ ஜாக்கெட் என்பது வெஸ்புலா இனத்துச் சின்னக் குளவி. தேனீயளவுதான் இருக்கும், உடம்பு முழுக்க மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி வரும். நிலத்துப் பொந்திலும் சுவர் இடுக்கிலும் கூடு வைக்கும். ஆகஸ்ட், செப்டெம்பரில் குப்பை வாளியையும் சோடா ரின்னையும் சுற்றித் திரியும். உறைபனி விழுந்ததும் வேலைக்காரக் குளவிகள் எல்லாம் செத்துவிடும், சினைப்பட்ட புது இராணிகள் மட்டும் எங்காவது ஒளிந்து குளிரைக் கடத்தும். யாழ்ப்பாணத்தில் அந்த இனமும் இல்லை, அந்தப் பனியும் இல்லை. யூடியூப்பில் பார்த்ததை, கனடாவில் இருந்து வந்த ஆலோசனையை அப்படியே இங்கே செய்து பார்ப்பதுதான் இப்போது நான் அதிகம் காண்கிற தவறு.

அடுத்தது, பறந்து வந்து கொட்டுகிற எல்லாவற்றையும் குளவி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது. சிங்களத்தில் பம்பரா வேறு, தெபரா வேறு. பம்பரா மலைத்தேனீ, தெபராதான் குளவி. நம்முடைய பத்திரிகைகளில் பெரும்பாலும் இரண்டுமே "குளவிக்கொட்டு" என்றுதான் வரும். எது என்று தெரியாமல் என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாது. பூச்சியைக் கிட்டப் போய்ப் பார்க்கத் தேவையில்லை, எட்ட நின்று கூட்டைப் பார்த்தாலே போதும். கூரைத் தாழ்வாரத்திலோ வேலிக் கிளையிலோ ஒற்றைக் காம்பில் தொங்கி, அறைகள் கீழ்ப்பக்கமாகத் திறந்து தெரிந்தால் அது சின்னக் கடதாசிக் குளவி. பந்து போல, பேரிக்காய் போல, வரிவரியாகத் தவிட்டு நிறக் கடதாசி உறை மூடி, ஒரு வாசல் மட்டும் இருந்தால் அது பெரியது. உடம்பு கறுப்பு, வயிற்றின் முன்பாதியில் மட்டும் அகலமான மஞ்சள் பட்டை, நீளம் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல். என் மாமரத்தில் இருந்தது இதுதான். பயப்பட வேண்டியதும் இதற்குத்தான்.

இனி நெருப்பு. இதை மற்றவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் ஒருமுறை கொக்கத்தடி பிடித்தவன் நான்தான். பக்கத்து வளவுப் பனையில், காவோலைக்குள் கூடு. பழைய சாரத்தைக் கிழித்துத் தடி நுனியில் சுற்றி, மண்ணெண்ணெயில் தோய்த்துக் கொளுத்தி நீட்டினேன். சோளகக் காற்று நல்லா வீசுகிற காலம். கூட்டில் ஒரு பக்கம் கருகுவதற்குள் காவோலை பிடித்துவிட்டது. எரிந்த ஓலை ஒன்று கழன்று, சுழன்று வந்து எங்கள் வேலியில் விழுந்தது. நாலு பாக நீளத்துக்கு வேலி போனது. வாளியோடு கிணற்றுக்கு ஓடியபோது கழுத்தில் மூன்று, காதுமடலில் ஒன்று. இதற்குப் பிறகும் குளவி போகவில்லை. இரை தேடப் போயிருந்தவை திரும்பி வந்து, கூடு இருந்த இடத்தையே நாலைந்து நாள் சுற்றிச் சுற்றிப் பறந்தன, முன்னையை விடக் கோபமாக. பந்தம் பிடித்துக் காரியம் சாதிக்கிறவர்கள் நம் ஊரில் உண்டு, ஆனால் குளவியிடம் அது பலிக்காது.

பெற்றோல் ஊற்றுவதும், வெங்காயத் தோட்டத்துக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தை அடிப்பதும் இதே வகைதான். நம்முடையது சுண்ணக்கல் நிலம். மேலே ஊற்றுவது கிணற்றுக்கு இறங்க அதிக நாள் எடுக்காது. கிணற்றடிக் கூட்டுக்கு மருந்தடித்துவிட்டு அந்தத் தண்ணீரிலேயே தேத்தண்ணி வைத்துக் குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டு வாசலைச் சீமெந்தாலோ துணியாலோ அடைப்பது இன்னொன்று. சீலிங்குக்குள்ளோ சுவருக்குள்ளோ இருக்கிற கூட்டை வெளியே அடைத்தால் அவை உள்ளே வழி தேடும். அக்கா வீட்டுத் தெருவில் ஒருவர் இப்படி அடைத்து, அவை சுவர்ப் பலகையை அரித்துக்கொண்டு படுக்கையறைக்குள் வந்தனவாம். இந்த ஒரு விஷயத்தில் கனடாக் குளவியும் நம்முடையதும் ஒன்று.

அப்படியானால் என்னதான் செய்வது? பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம். உயரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் இருந்தால் விட்டுவிடலாம், மரக்கறித் தோட்டத்துப் புழுக்களைத் தின்று தீர்ப்பவையும் அவைதான். உள்ளங்கையை விடச் சின்ன, திறந்த கூடு வாசலிலோ கொடிக்கயிற்றடியிலோ இருந்தால், எல்லாம் கூட்டில் அடங்கின இரவில், சவர்க்காரம் நன்றாகக் கரைத்த தண்ணீரை எட்ட நின்று பீய்ச்சலாம். சவர்க்காரத் தண்ணீர் அவற்றின் மூச்சுத் துளைகளை அடைத்துவிடும். முழுக்கை உடுப்பு, தலையில் ஹெல்மெட், கழுத்தில் துவாய். ரோர்ச் லைற்றைக் கையில் பிடிக்காதீர்கள், வெளிச்சத்தை நோக்கித்தான் பறந்து வரும். எங்காவது தள்ளி வைத்துவிட்டு நில்லுங்கள். ஏணியில் ஏறி இந்த வேலை செய்யவே கூடாது. கொட்டும்போது ஏணி நினைவில் இராது. உறை மூடிய பெரிய கூடு வீட்டோடு ஒட்டி இருந்தால், பழக்கப்பட்ட ஆளைக் கூப்பிடுங்கள்.

கொட்டு வாங்குகிறவர்களில் பலர் கூட்டைக் கலைக்கப் போனவர்களே அல்ல. கிளுவை வேலி வெட்டப் போனவர், புல் வெட்டும் மெசின் பிடித்தவர், வெளிநாட்டுக்காரர் வீட்டைக் கனகாலத்துக்குப் பிறகு திறந்து யன்னலைத் தள்ளினவர். வெட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். ஒரே புள்ளிக்குப் போய் வருகிற பறப்பு கண்ணில் படும். கிணற்றடியில் மீன் செதிளையும் தலையையும் போட்டு வைத்தால், விழுந்த மாம்பழத்தையும் பனம்பழத்தையும் பொறுக்காமல் விட்டால், அவை வராமல் என்ன செய்யும்? கள்ளுக்கும் அப்படித்தான். ஓலைப் பிளாவில் வாய் வைக்கும் முன் உள்ளே ஒருமுறை பாருங்கள், திறந்து வைத்த சோடாப் போத்திலும் அதே. தொண்டைக்குள் ஒரே ஒரு கொட்டு, வீங்கி மூச்சுக்குழாயை அடைக்கப் போதும்.

கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்க வேண்டாம். நசுங்குகிற குளவியில் இருந்து கிளம்புகிற வாடை மற்றவற்றையும் கூப்பிடும். முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள்.

கொட்டின இடத்தில் சுண்ணாம்பு பூசுவது இன்னும் போகவில்லை. குளவி நஞ்சு தோலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது, மேலே பூசுகிற சுண்ணாம்பு தோலைத்தான் சுடும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். கையில் கொட்டினால் வீங்கும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். குளவி கொடுக்கை விட்டுப் போகாது, ஒன்றே பல தடவை கொட்டும். கொடுக்கு தோலில் நின்றால் கொட்டினது தேனீ, அதை உடனே எடுத்துவிட வேண்டும்.

"போன முறை கொட்டி ஒண்டும் செய்யேல்லை" என்ற தைரியம் பொல்லாதது. ஒவ்வாமை முதல் கொட்டில் வெளியே தெரியாமல் உடம்பில் உருவாகி, அடுத்த கொட்டில் தன்னைக் காட்டலாம். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சு இழுப்பு, வாந்தி, தலைச்சுற்று இவற்றில் எது வந்தாலும் அலர்ஜிக் குளிசையைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அந்த நேரம் உயிர் காப்பது அட்ரினலின் ஊசிதான். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வரும்வரை ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் சாய்த்து இருத்துங்கள், நடக்க விடாதீர்கள். நிறையக் கொட்டு வாங்கினவர் சுகமாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். நஞ்சு தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சலம் கடுந்தேத்தண்ணி நிறத்தில் போனால் அதுதான் அறிகுறி.

கடைசியாக, வேட்டைவாளியனுக்காக ஒரு வார்த்தை. பிளக் ஓட்டையிலும் கதவுச் சட்டத்திலும் மண்ணால் கூடு கட்டுகிற தனிக் குளவி இது. கூட்டைக் காக்கக் கூட்டமாகத் துரத்தி வராது, பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டுவதும் அரிது. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்வார்களே, அந்தக் குளவி. போன கிழமை யன்னல் மூலையில் இருந்த ஒரு மண்கூட்டைக் கத்தி நுனியால் பெயர்த்துப் பார்த்தேன். உள்ளே ஆறு பச்சைப் புழுக்கள், மயங்கிக் கிடந்தன, சாகவில்லை. அவற்றுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு சின்னக் குளவிக் குடம்பி, ஒரு புழுவைப் பாதி தின்று முடித்திருந்தது.